படகைப் பிடித்தது ஒரு நாடு, வழக்கு நடத்துவது இன்னொரு நாடு

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் அரபிக்கடலில் இலங்கைக் கொடி பறந்த இரண்டு மீன்பிடிப் படகுகளில் இந்தியக் கடற்படையினர் ஏறிச் சோதனை போட்டனர். ஏறக்குறைய 500 கிலோ மெத்தாம்பெட்டமைன், அதாவது பேச்சுவழக்கில் 'ஐஸ்', கிடைத்தது. தகவல் கொடுத்தது இலங்கைக் கடற்படை. படகுகள், படகில் இருந்தவர்கள், சரக்கு எல்லாம் இலங்கையிடமே ஒப்படைக்கப்படும் என்று இந்தியக் கடற்படையின் செய்திக்குறிப்பு சொன்னது.

இதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன், 2021 மார்ச் 18 அன்று, லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய்த் தீவுக்கு அருகே 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல் படை மடக்கியது. 301 பொட்டலங்களில் 300.323 கிலோ ஹெராயின், 5 ஏ.கே.47 துப்பாக்கிகள், 1,000 தோட்டாக்கள். அந்தப் படகு கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் வழக்குப் போட்டது, பிறகு தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) எடுத்துக்கொண்டது. எல்லாமே இந்திய மண்ணில் நடந்தது.

கடலும் கொடியும் கடத்தல் வழியும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு வழக்கு கொழும்புக்குப் போயிற்று, மற்றது கொச்சிக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்திய–இலங்கை ஒத்துழைப்பு எந்த இடத்தில் உறுதியாக இருக்கிறது, எந்த இடத்தில் இற்றுப்போகிறது என்பது தெரியும். செய்திகள் எங்கே சறுக்குகின்றன என்பதும் தெரியும்.

சரக்கு வரும் வழி

பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து பாய்மரக்கப்பல் வடிவிலான மரக்கலங்கள் சரக்கோடு கிளம்புகின்றன. பல கலங்களில் பெயரும் இருக்காது, கொடியும் இருக்காது. நடுக்கடலில், பெரும்பாலும் இரவில், சாட்டிலைட் போனில் சொல்லிவைத்த இடத்தில், இலங்கையின் பலநாள் மீன்பிடிப் படகு வந்து சரக்கை மாற்றிக்கொள்ளும். இந்தப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவை. அரபிக்கடலில் அவற்றைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பனிக்கட்டிக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி என ஒளித்துவைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ரவிஹன்சியில் சரக்கு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது.

2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே பிடிபட்ட 'ஷெனாயா துவ' படகில் 99 பொட்டலம் ஹெராயின், 20 சிறு பெட்டிகளில் செயற்கைப் போதைப்பொருள், ஐந்து 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள், ஒரு துராயா சாட்டிலைட் போன் ஆகியவை இருந்தன. ('துவ' என்றால் சிங்களத்தில் மகள். படகுக்கு மகள் பெயரை வைப்பது அங்கே சாதாரணம். அதை ஏதோ ரகசியக் குறியீடு போல எழுதத் தேவையில்லை.)

சரக்கைக் கொண்டுவரும் தாய்க்கலம் அநேகமாகத் தப்பிவிடுகிறது. கொடியில்லாத கலத்தின்மீது எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறலாம், அதற்குச் சட்டத்தடை கிடையாது. ஆனால் கைமாறும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் கப்பல் நிற்க வேண்டும். சரக்கு மாறியபின் தாய்க்கலத்தில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. எனவே அகப்படுவது பெரும்பாலும் வாங்கிப்போகும் படகுதான்.

படகில் ஏறும் உரிமை

பொதுவாகச் செய்திகள் தொடாமல் போகும் பகுதி இது. வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகில் நடுக்கடலில் நினைத்தபடி ஏற முடியாது. ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 110ஆம் பிரிவு, போர்க்கப்பல் பிற நாட்டுக் கலத்தில் ஏறிப் பார்க்கக்கூடிய காரணங்களைப் பட்டியலிடுகிறது: கடற்கொள்ளை, அடிமை வணிகம், அனுமதியில்லா ஒலிபரப்பு, நாடற்ற கலம், உண்மையில் தன் நாட்டுக் கலமாகவே இருப்பது. போதைப்பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. 108ஆம் பிரிவு அதற்கு 'ஒத்துழையுங்கள்' என்று மட்டும் சொல்கிறது.

ஒத்துழைப்பது எப்படி என்பதை 1988ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகப்படும் நாடு, கொடிக்குரிய நாட்டிடம் 'இது உங்கள் பதிவுப் படகுதானா?' என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் ஏற, சோதிக்க, நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்க வேண்டும். இந்த வேண்டுகோள்களுக்கு விரைந்து பதில் சொல்ல ஒவ்வொரு நாடும் ஓர் அதிகாரியையோ அலுவலகத்தையோ முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும். இந்தியா 1990இலும் இலங்கை 1991இலும் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தன. இலங்கை அதைத் தன் உள்நாட்டுச் சட்டமாக்க 2008 வரை ஆனது. அந்த ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வியன்னா உடன்படிக்கையையும் 1990ஆம் ஆண்டின் சார்க் போதைப்பொருள் உடன்படிக்கையையும் சேர்த்தே நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

2024 நிகழ்வின் சிறப்பு இந்த இடத்தில் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. கொடிக்குரிய நாடே முன்வந்து 'எங்கள் படகுகள் இவை, பாருங்கள்' என்று தகவல் கொடுத்தது. குருகிராமில் 2018 டிசம்பரில் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் தகவல் இணைப்பு மையத்தின் குறிப்புகளை வைத்து, நெடுந்தூரக் கண்காணிப்பு விமானமும் ஆளில்லா விமானமும் கடலை அலசின. இலங்கையிலிருந்து தகவல் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கான படகுகள் மிதக்கும் கடற்பரப்பில் இரண்டு படகைப் பெயர் சொல்லிப் பொறுக்கி எடுக்க முடிந்தது இதனால்தான். பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டிருப்பதும், அவற்றின் பதிவு எண்ணிலேயே மீன்பிடி மாவட்டத்தின் குறியெழுத்து இருப்பதும் இலங்கைக் கடற்படைக்கு வசதி. ஒரு படகின் கருவி திடீரென ஊமையானால், அதுவே ஒரு தகவல்.

2021இல் நிலைமை வேறு. இந்தியத் தரப்பு தானே கண்காணித்து, தன் தனிப்பொருளாதார மண்டலப் பகுதியில் (கரையிலிருந்து 200 நாட்டிக்கல் மைல் வரை) மடக்கி, தன் துறைமுகத்துக்கு இழுத்து வந்தது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் முதல் பிரிவைப் படித்தால் அது இந்தியா முழுமைக்கும், வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும், இந்தியாவில் பதிவான கப்பல், விமானங்களில் இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்றிருக்கும். வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கொடி, 12 நாட்டிக்கல் மைலுக்கு அப்பால் என்று மூன்றும் சேர்ந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது இந்த முதல் பிரிவில்தான். 'இந்தியக் கடல் எல்லைக்குள் பிடிபட்டது' என்று செய்தியில் போகிறபோக்கில் எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்பது இதனால் புரியும். ஆட்சி எல்லை 12 நாட்டிக்கல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் சொச்சம். 200 மைல் மண்டலம் மீனுக்கும் கனிமத்துக்கும் உரிமை தருவது. அங்கே ஒரு நாட்டின் குற்றச்சட்டம் தானாகவே முழுமையாகச் செல்லுபடியாகிவிடாது.

கடலில் கொட்டிய சரக்கு

2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், ரவிஹன்சிக்குச் சில நாள் முன்பு, 'ஆகர்ஷ துவ' என்ற படகும் பிடிபட்டது. காவல் படைக் கப்பலைக் கண்டதும் 200 கிலோ ஹெராயினையும் 60 கிலோ ஹஷீஷையும் கடலில் எறிந்துவிட்டதாகப் படகினர் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. 'ஒப்புக்கொண்டனர்' என்று தலைப்பும் வந்தது.

அந்த ஒப்புதல் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நடக்கும்? 2020 அக்டோபர் 29 அன்று 'தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. விசாரணை அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகளுக்குச் சமம் என்பது அதன் சாரம். எனவே கடலில் மூழ்கிய 260 கிலோவுக்கு, வீடியோவோ மிதந்த பொட்டலமோ படகில் ஒட்டிய எச்சமோ இல்லாவிட்டால், வழக்கில் எடை பூஜ்யம். இதனால்தான் விரட்டும்போதே விமானத்திலிருந்து படம் எடுப்பது அவசியமாகிறது. ஏறியபின் எடுக்கும் படத்தில் காலி மேல்தளம்தான் இருக்கும்.

எடைபோடும் கணக்கு

இந்தியாவில் ஒரு பெரிய பிடிப்புக்குப் பின் நடக்க வேண்டியது: ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண், முதற்கட்டச் சோதனைக் கருவியில் நிறம் பார்ப்பது, எடை, பட்டியல், புகைப்படம், முத்திரை. பிறகு 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்துச் சான்று வாங்க வேண்டும். 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இதை வலியுறுத்தியது. 2022 டிசம்பரில் வந்த விதிகள் இதைக் கட்டாயமாக்கின. ஹெராயினுக்கு மாதிரி ஒன்று 5 கிராம், கஞ்சா, சரஸ், அபினுக்கு 24 கிராம், எல்லாம் இரட்டைப் பிரதி. ஒரே மாதிரியான பொட்டலங்கள் என்றால் பத்துப் பத்தாகத் தொகுக்கலாம். 301 பொட்டலத்துக்கு 31 தொகுதி, 62 மாதிரி என்று கணக்கு வரும். ஒரு முத்திரையின் பதிவு மங்கலாக இருந்தாலோ, ஆய்வகத்துக்குப் போன எடையும் பட்டியலில் உள்ள எடையும் சில கிராம் மாறினாலோ அந்தத் தொகுதியே ஆட்டம் காணும்.

இலங்கை நீதிமன்றம் கேட்கும் கேள்வி கொஞ்சம் வேறு. அங்கே 'சான்றுப்பொருளின் உள்வழிப் பயணம்' என்ற கருத்து முக்கியம். கைப்பற்றியவர் கையிலிருந்து அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் (அரசு ஆய்வகம்) மேசை வரை, ஒவ்வொரு கைமாற்றமும் சாட்சியத்தால் நிறுவப்பட வேண்டும். 1998 தீர்ப்புத் தொகுப்பில் உள்ள 'பெரேரா எதிர் சட்டமா அதிபர்' (அட்டர்னி ஜெனரல்) வழக்கு இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் முன்னுதாரணம்.

இப்போது 2024 பிடிப்பை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கை இந்தியக் கடற்படைக்காரருடையது. சங்கிலியின் முதல் கண்ணியே வேற்று நாட்டில் இருக்கிறது. ஒப்படைக்கும்போது எத்தனை பொட்டலம், எந்த முத்திரை, யார் எண்ணினார், யார் வாங்கினார் என்ற ஆவணம் இரு தரப்புக் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அந்தக் கடற்படைக்காரர் சாட்சி சொல்லவும் வேண்டியிருக்கும். அதற்கான கதவு 2010இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட குற்றவியல் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம். தகவல் பரிமாற்றம் மணிக்கணக்கில் நடக்கிறது. சட்ட உதவிக் கடிதமோ தூதரகம், அமைச்சகம், மத்திய அதிகார அலுவலகம் என்று படியேறிப் போக வேண்டும். அந்தக் கடிதத்தை நம்பி இருப்பதைவிட, ஒப்படைக்கும் தளத்திலேயே இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து எண்ணி, ஒரே பட்டியலில் கையெழுத்திட்டு, மீண்டும் முத்திரையிடுவது நல்லது. அரை நாள் கூடுதலாகும். பல ஆண்டு வழக்கைக் காப்பாற்றும்.

எடையிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஹீரா சிங் தீர்ப்புப்படி, கலப்படத்தோடு சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு. ஹெராயின் 250 கிராம், மெத்தாம்பெட்டமைன் 50 கிராம் தாண்டினால் வணிக அளவு. தண்டனை 10 முதல் 20 ஆண்டு. இலங்கையில் குற்றப்பத்திரம் நிற்பது பகுப்பாய்வாளர் அறிக்கையில் வரும் தூய அளவின் மேல். ஹெராயின் 2 கிராம் போதும். 2022இன் திருத்தத்துக்குப் பின் மெத்தாம்பெட்டமைன் 5 கிராம் போதும். தண்டனை மரணம் அல்லது ஆயுள். மரண தண்டனை 1976க்குப் பின் அங்கே நிறைவேற்றப்படவில்லை என்றாலும் சட்டத்தில் அது இருக்கிறது. எனவே இந்தியச் செய்திக்குறிப்பில் '500 கிலோ' என்று தொடங்கும் ஒரு சரக்கு, கொழும்பில் உறை நீக்கிய எடையாக ஒரு எண்ணாகவும், குற்றப்பத்திரத்தில் தூய எடையாக இன்னொரு எண்ணாகவும் வரக்கூடும். யாரும் திருடாமலே எண் சுருங்கும். இதை விளக்காமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் 'மீதி எங்கே போனது?' என்று ஒரு தலையங்கம் தயாராகிவிடும்.

கோடிகளும் தோட்டாக்களும்

எடையாவது அளக்கக்கூடியது. மதிப்பு அப்படியல்ல. 2023 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 2,525 கிலோ மெத்தாம்பெட்டமைன் பிடிபட்டபோது முதலில் சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 12,000 கோடி ரூபாய். எண்ணி முடித்தபின் வந்தது சுமார் 25,000 கோடி. கிலோவுக்கு ஐந்து கோடிக்குக் கீழிருந்து பத்துக் கோடிக்கு ஏறியது, சரக்கு அதேதான். அந்தமானில் 2024 நவம்பரில் பிடிபட்ட சுமார் 6,000 கிலோவுக்குச் சொன்னது 36,000 கோடி: கிலோ ஆறு கோடி. மக்ரான் கரையில் மொத்தமாகக் கொடுக்கும் விலை, கொழும்பில் மொத்த விலை, ஆஸ்திரேலியத் தெருவில் கிராம் விலை ஆகிய மூன்றும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'சர்வதேசச் சந்தை மதிப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தச் சந்தை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பதில் வராவிட்டால் கோடிக் கணக்கை விட்டுவிட்டு எடையை மட்டும் போடுவது மேல்.

அந்தமான் பிடிப்பும் அரபிக்கடல் பிடிப்பும் ஒரே வாரத்தில் நடந்தவை என்பதால் குழப்பம் இன்னும் கூடியது. முன்னதைச் செய்தது கடலோரக் காவல் படை; பேரன் (Barren) தீவுப் பக்கம், மியான்மர் படகு, மியான்மரைச் சேர்ந்த 6 பேர்; வழக்கு இந்தியாவிலேயே. பின்னதைச் செய்தது கடற்படை, படகு இலங்கையுடையது, வழக்கு இலங்கையில். இரண்டு படைகள், இரண்டு அமைச்சகச் செய்திக்குறிப்புகளா என்றால் அதுவும் இல்லை: இரண்டு படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான். தலைப்பில் 'கடற்படை' என்று பொதுவாகப் போட்டால் வாசகருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

ரவிஹன்சியில் இன்னொரு சிறு விஷயம். '5 ஏ.கே.47, 1,000 தோட்டா' என்று பலரும் எழுதினார்கள். தோட்டாக்கள் 9 மி.மீ. வகை. ஏ.கே.47க்குப் போடுவது 7.62 மி.மீ. இந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஆயுதமும் தோட்டாவும் வேறுவேறு கைகளுக்குப் போக வேண்டியவையாக இருந்திருக்கலாம் என்பது துப்பறிபவருக்கு முக்கியமான நூல். செய்தியில் அந்த நூல் அறுந்துபோயிற்று.

அந்த வழக்கில் என்.ஐ.ஏ. பின்னர் விடுதலைப்புலிகளை மீண்டும் உயிர்ப்பிக்க நிதி திரட்டல் என்ற குற்றச்சாட்டையும் சேர்த்தது. 2021 அக்டோபரில் சென்னையில் ஒரு கைது நடந்தது. 2022இல் என்.ஐ.ஏ. தனியாகப் பதிந்த இன்னொரு வழக்கில், இலங்கையர் உள்ளிட்ட வெளிநாட்டவரை வைத்திருக்கும் திருச்சி சிறப்பு முகாமில் சோதனை, டிசம்பரில் 9 பேர் கைது என்று நீண்டது. குற்றச்சாட்டு என்பது குற்றச்சாட்டுதான். 'என்.ஐ.ஏ. தெரிவித்தது' என்ற இரண்டு சொல் தலைப்பில் இடம் போதாமல் உதிர்ந்தால், முகாமில் இருக்கும் மற்ற நூற்றுக்கணக்கானவர்களின் மீதும் அந்த நிழல் விழும். இலங்கையில் 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' என்ற போலீஸ் நடவடிக்கை தொடங்கியபோது தேடுதல்களோடு தொலைக்காட்சிக் கேமராவும் வீடு புகுந்தது. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் அந்த நடவடிக்கையையே நிறுத்தச் சொன்னார்கள். சந்தேக நபரின் முகத்தைக் காட்டுவதில் ஒழுக்கப் பிரச்சினை மட்டுமல்ல, வழக்குப் பிரச்சினையும் உண்டு: அடையாள அணிவகுப்புக்கு முன் படம் வெளியானால் சாட்சி பார்த்தது ஆளையா, படத்தையா என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

இரு கரையிலும் செய்தி எழுதுபவர் முகத்துக்குப் பதில் பொட்டலத்தைப் படமெடுத்தால் வேலைக்கு ஆகும். ஹெராயின் பொட்டலங்களின் மேல் தயாரிப்பாளரின் முத்திரை இருப்பதுண்டு. 2022 அக்டோபரில் கொச்சிக்கு அப்பால் ஈரானியப் படகு ஒன்றில் 200 கிலோ ஹெராயின் சிக்கியபோது, 200 பொட்டலங்களில் சிலவற்றில் தேள், சிலவற்றில் டிராகன் சின்னம் இருந்தது. தண்ணீர் புகாதபடி ஒவ்வொன்றுக்கும் ஏழு அடுக்கு உறை. அதே சின்னம் இலங்கையின் காலி நகரிலோ நீர்கொழும்பிலோ பிடிபடும் பொட்டலத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே கொட்டகையிலிருந்து வந்தவை என்று ஊகிக்க முடியும்.

அந்த 200 கிலோவும் நடுக்கடலில் ஓர் இலங்கைப் படகுக்கு மாறவிருந்தது என்று போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் அப்போது சொன்னது. வாங்க வரவிருந்த அந்தப் படகைத் தேடியும் பிடிக்க முடியவில்லை.